தந்தையார் நடந்த பாலம்

சென்ற பள்ளி விடுமுறையில் எம் ஆறாம் ஆண்டு மாணவர்களைச் சிங்கப்பூருக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். விலங்குத் தோட்டத்தைக் கண்டு மகிழ்ந்ததை மாணவர்களே வேறு பக்கத்தில் எழுதியுள்ளனர். நாம் எழுத விரும்புவது புக்கிட் தீமாவின் பழைய இரயில் பாலத்தைப் பற்றியே.

1932ஆம் ஆண்டு தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்ட காலத்தில் புதிதாகப் போடப்பட்ட பாதையில் அமைந்தது அந்த எஃகுப் பாலம். 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு, ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்கள் தாமே கடைசி வண்டியை ஓட்டிச் சென்றார்கள். பின்னர்த் தண்டவாளங்களில் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டது. பாலம் மட்டும் நின்றது. இன்று 24 கிலோமீட்டர் நீளமுள்ள பசுமை நடைபாதையில் அதுவும் ஒரு பகுதி.

எம் தந்தையார் அப்பாதையில் தண்டவாளத் தொழிலாளியாக இருந்தவர். அன்னையார் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவினார். தந்தையார் மாதம் ஒருமுறைதான் வீட்டிற்கு வருவார். விடுமுறையில் எம்மையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. நீண்ட பிடியுள்ள சுத்தியலால் இரும்பைத் தட்டி, தளர்ந்த திருகாணியை ஓசையாலேயே கண்டுபிடித்துவிடுவார். பாலத்தின் முனை வந்ததும், "தம்பி, இதுக்கு மேல ஓர் அடி வைக்கக் கூடாது" என்று நிறுத்திவிட்டுத் தனியே செல்வார்.

ஒருநாள் அவர் நடுப்பாலத்தில் இருக்கையில் வண்டி வந்துவிட்டது. பக்கச் சட்டத்தோடு ஒட்டி நின்றார். பெட்டிகள் முழுதும் கடக்கும்வரை அவரை எம்மால் காண இயலவில்லை. திரும்பி வந்து பீடி பற்றவைத்தார், கை நடுங்கியது. "அம்மாகிட்டச் சொல்லிடாதே" என்றார். அன்னையார் மறையும்வரை நாம் சொல்லவில்லை.

மாணவர்கள் எம் சொல்லுக்குக் காத்திராமல் பாலத்தின் மீது ஓடினர். நாமோ அதே முனையில் நின்றுவிட்டோம். கால் எழவில்லை. ஐம்பது வயதைக் கடந்த தலைமையாசிரியருக்கு இது அழகா என்று வெட்கமாகவும் இருந்தது. ஒரு மாணவி திரும்பி வந்து, "ஐயா, வாங்க! இனிமே ரயில் வராது" என்று கையைப் பற்றினாள்.

நடந்தோம். மிதிவண்டிக்காரர்கள் மணியடித்தபடி விரைந்தனர். சற்று மெதுவாகப் போகலாம். நடுப்பாலத்தில் தந்தையாரைப் பற்றிக் கூறினோம். "அவர் பேர் இங்க எங்க எழுதியிருக்கு, ஐயா?" என்று கேட்டாள் அம்மாணவி. மறுமொழி சொல்ல வரவில்லை. கையிலிருந்த குடையின் பிடியால் சட்டத்தைத் தட்டிக் காட்டினோம். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குடையை வாங்கித் தட்டிப் பார்த்தனர். பேருந்துக்கு நேரமாயிற்று என்று உதவி ஆசிரியை அழைக்கும்வரை அவர்கள் நிறுத்தவில்லை.