விரைவும் பதற்றமும்

ஹங்கேரி நாட்டுக் கட்டடக்கலை ஆசிரியர் ஏர்னோ ரூபிக் 1974ஆம் ஆண்டிலே ஆக்கிய சதுரமுகிப் புதிரை நம்மிற் பலர் கையிலெடுத்திருப்போம். ஆறு நிறங்களையும் ஒருமுறை சேர்த்துவிட்டால் அடுத்து எழும் வினா ஒன்றே: இதனை இன்னும் விரைவாகச் செய்வது எங்ஙனம்?

மன்னார்க் கரையோர்க்கு அவ்விடை புதியதன்று. சிலாபத்துறைக் கடலில் முத்துக் குளித்தோர் கல்லின் துணையால் ஆழத்துள் இறங்கி, ஒரு மூச்சடக்கத்துள்ளே சிப்பி சேர்த்தனர். ஆங்கே பதறுபவனுக்கு மூச்சுத்தான் விரைவிற் செலவாகும். 2018இல் சென்னையைச் சேர்ந்த இளையராம் சேகர் நீருள் ஒரே மூச்சில் 6 சதுரமுகிகளைத் தீர்த்துக் கின்னஸ் சாதனை நிலைநாட்டியபோதும் இவ்வுண்மையே விளங்கிற்று.

புதிதாய்க் கற்போர் காலத்தை இழப்பது திருப்பும்போதன்று. அடுத்த துண்டு எங்கேயென்று தேடி நிற்கும்போதே. ஆதலின், கை ஒரு துண்டைச் சேர்க்கையிலே கண் அடுத்ததைத் தேடல் வேண்டும். அதற்குக் கை சற்று மெல்ல இயங்கல் வேண்டும். இடையறாது மெல்லத் திருப்புபவன், நின்று நின்று வேகமாய்த் திருப்புபவனை முந்திவிடுவான்.

இனிப் பயிற்சி. நடுத்துண்டுகள் 6உம் தம்முள் இடம் மாறா; அவற்றைக் கொண்டு 12 விளிம்புத் துண்டுகளுக்கும் 8 மூலைத் துண்டுகளுக்கும் உரிய இடத்தை அறியலாம். போட்டிகளிலே தொடங்குமுன் பார்வையிட 15 செக்கன் தரப்படும். அப்பொழுதிலேயே முதற்படியாகிய வெள்ளைச் சிலுவை வடிவைத் திட்டமிட்டுப் பழகுதல் நன்று. அதனைக் கீழ்ப்புறத்தில் அமைத்தால் ஏனைய துண்டுகள் கண்ணுக்கு மறையா. கடைசி அடுக்குக்குரிய 78 சூத்திரங்களையும் உடனே மனனஞ் செய்யவேண்டுவதில்லை. அவ்வடுக்கைச் சிறு படிகளாகப் பிரித்தால் 16 அளவிற் போதும். ஒவ்வொன்றையும் விரல்கள் தாமே அறியும்வரை பயின்றபின் அடுத்ததற்குச் செல்க.

விடை பிந்திச் சொல்பவனை மந்தனென்று ஒதுக்கும் வழக்கம் வகுப்பறைகளிலே இன்னும் அற்றுப்போகவில்லை. சிறுபராயத்தில் விரல்களால் நுண்ணிய வேலை செய்ய இடர்ப்பட்ட, ஆட்டிச நிலையுடைய மாக்ஸ் பார்க் என்னும் அமெரிக்கர், 2023இல் இப்புதிரை 3.13 செக்கனிலே தீர்த்து உலக சாதனை படைத்தார். 1982இல் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்றவர்க்கோ 22.95 செக்கன் பிடித்தது. ஆகவே விரைவு பிறவிக் கொடையன்று. பொறுமையாற் பழுத்த பழக்கமேயாம். மாணாக்கர் இதனை நினைவிற் கொள்க. ஆசிரியர் பொறுமையோடு காத்திருப்பாராக.