பொம்மிக்கு ஏன் இவ்வளவு தாகம்?

பூனை வளர்க்கும் வீடுகளில் இது தினமும் நடக்கும். கிண்ணம் நிறைய சுத்தமான தண்ணீர் வைத்திருப்போம். பூனை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நேராகப் போய் பாத்ரூம் வாளியில் வாய் வைக்கும். செடித்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தேங்கியதை நக்கும். ஒழுகும் குழாய்க்குக் கீழே தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். சில பூனைகள் முன்னங்காலைத் தண்ணீரில் நனைத்து நனைத்து நக்கும். அதை வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டால் சிரிப்பு ஸ்மைலிகள் வந்து குவியும்.

இந்தச் சேட்டைகள் அத்தனையும் எங்கள் வீட்டு பொம்மிக்கும் உண்டு. கடலூர் மாவட்டம் பெண்ணாடத்தில், பிரளயகாலேஸ்வரர் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எங்கள் வீடு. பக்கத்து ஊர் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போனது. குட்டியாக வந்தபோது பீங்கான் பொம்மை மாதிரி வெள்ளையாக இருந்ததால், ஆயா இவளுக்கு பொம்மி என்று பெயர் வைத்தார். அப்போது நான் எட்டாம் வகுப்பு. இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். ஊரில் ஆயா, அம்மா, 12 வயது பொம்மி மூவரும் இருக்கிறார்கள்.

பொம்மிக்குப் பிடித்த தண்ணீர், ஆயாவின் தலைமாட்டில் இருக்கும் செம்புத் தண்ணீர். அடுத்தது, துளசி மாடத்தின் கீழே வழிந்து நிற்பது. அவளுக்கென்று வைத்த கிண்ணம் கடைசியில்தான். இது திமிர் இல்லை. இதற்கெல்லாம் காரணம் இருக்கிறது.

பாலைவனத்துப் பிள்ளை

உலகத்தின் வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்காசியப் பகுதியின் காட்டுப்பூனையிலிருந்து வந்தவை என்று 2007-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று சொன்னது. வறண்ட நிலத்தில் வாழ்ந்த அந்த மூதாதைகள் தண்ணீரைத் தேடி அலைந்ததில்லை. ஓர் எலியின் உடலில் ஏறக்குறைய 70 சதவிகிதம் தண்ணீர்தான். இரையைத் தின்றாலே பாதித் தாகம் தீர்ந்துவிடும். உடலில் இருக்கும் நீரை வீணாக்காமல் சிறுநீரைக் கெட்டியாக்கி வெளியேற்றும் திறமையும் பூனையின் சிறுநீரகத்துக்கு உண்டு. அதனால் பூனைக்குத் தாகம் மெதுவாகத்தான் எடுக்கும்.

காலை நனைத்து நக்குவதற்குக் கண்ணும் ஒரு காரணம். தூரத்தில் ஓடும் எலி பூனைக்கு நன்றாகத் தெரியும். மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். அசையாத தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. ஓடும் குழாய்த் தண்ணீர் கண்ணுக்கும் படும், சத்தமும் கேட்கும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீரைப் பல பூனைகள் ஒதுக்கிவிடும். ஆயாவின் செம்பு தட்டிலிருந்து தள்ளி, அமைதியான இடத்தில், விளிம்புவரை நிறைந்து இருக்கிறது. பொம்மியின் கணக்கில் அது சரியான தேர்வுதான்.

பூனை எப்படிக் குடிக்கிறது என்பதே 2010-ல்தான் சரியாகப் புரிந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் இருந்த ரோமன் ஸ்டாக்கர், தன் வீட்டுப் பூனை குடிப்பதைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தார். சக ஆய்வாளர்களோடு அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார். நாய் நாக்கைக் கரண்டி மாதிரி மடக்கித் தண்ணீருக்குள் விடும். பூனை நாக்கின் நுனியால் தண்ணீரின் மேல்பரப்பைத் தொட்டு, சட்டென்று மேலே இழுக்கிறது. கூடவே மெல்லிய தூணாகத் தண்ணீர் எழும்புகிறது. அது கீழே விழுவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது. நொடிக்குச் சுமார் நான்கு தடவை. ஒரு தடவைக்கு 0.1 மில்லி அளவுக்குத்தான் கிடைக்கும். 100 மில்லி குடிக்க ஆயிரம் நக்கல்கள், நான்கு நிமிடத்துக்கு மேல் விடாத உழைப்பு!

கம்பர் தன் ராமாயணத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று போன பூனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார். பூனைக்கு அவர் சொல்லும் பழைய பெயர் 'பூசை'. பூனையின் நாக்கை அறிந்தவர்களுக்கு அந்த உவமை இன்னும் நன்றாகவே விளங்கும். ஆனால், பூனைக்குத் தாகத்துக்குப் பால் கொடுக்கலாமா என்றால், வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் இருக்கும் நீரும் போய்விடும்.

ஆயாவின் போன்

சித்திரை வெயிலில் ஒருநாள் ராத்திரி ஆயா போன் செய்தார்.

"பாப்பா, இவ தண்ணி குடிக்கிறது சரியில்லடி. உங்க தாத்தா மாதிரி குடிக்கிறா."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தாத்தா தண்ணீர் குடித்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கரும்புக் கொல்லையிலிருந்து வந்ததும் ஒரு செம்பு குடிப்பார். நடுராத்திரியில் எழுந்து இன்னொரு செம்பு. வெயிலில் வேலை செய்கிற மனுஷன், குடிக்கத்தானே செய்வார் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். காலில் பட்ட சின்னக் காயம் மாதக்கணக்கில் ஆறாமல் போன பிறகுதான் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அதன் பிறகு அவர் அதிக நாள் இல்லை. அந்தச் செம்புதான் இப்போது ஆயாவின் தலைமாட்டில் இருக்கிறது.

அம்மா, "வெயில் காலம், அதான் குடிக்குது" என்றார். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. "வெயிலு எல்லா வருஷமுந்தான் அடிக்குது. இவ மண்ணுல போற ஈரம் முன்ன உள்ளங்கை அகலம் இருக்கும். இப்ப தோசை அகலம் இருக்கு. முதுகெலும்பும் கையில தட்டுப்படுது."

எவ்வளவு குடிக்கிறாள் என்று மில்லி கணக்கில் அளக்கச் சொன்னேன். "மில்லியெல்லாம் எனக்குத் தெரியாது. ஆழாக்குல அளக்குறேன்" என்றார். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு, 168 மில்லி. வாளிகளுக்கு மூடி போட்டார்கள். குழாயை இறுக்கினார்கள். துளசி மாடத்தடியைத் துடைத்துக் காயவைத்தார்கள். காலையில் அளந்து ஊற்றுவது, மறுநாள் காலையில் மிச்சத்தை அளப்பது. அதே அளவுக் கிண்ணம் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, பொம்மிக்கு எட்டாத இடத்தில் அலமாரி மேல் வைக்கச் சொன்னேன். வெயிலில் ஆவியாகிப் போவது எவ்வளவு என்று அதில் தெரியும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் கணக்கு: ஒரு நாளைக்கு இரண்டு ஆழாக்கு. அதாவது 336 மில்லி. பொம்மியின் எடை 3 கிலோ.

ஒரு பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு 40 முதல் 60 மில்லிவரை தண்ணீர் போதும். சாப்பாட்டில் இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் எந்தப் பூனையாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொம்மி 110-ஐத் தாண்டியிருந்தாள்.

தாகம் சொன்ன சேதி

மூடிபோட்ட பிளாஸ்டிக் கூடையில் பொம்மியை வைத்து, அம்மாவும் ஆயாவும் ஆட்டோவில் மருத்துவரிடம் போனார்கள். பூனை திடீரென்று அதிகம் குடித்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது மூன்று: நாள்பட்ட சிறுநீரக நோய், சர்க்கரை நோய், தைராய்டு அதிகம் சுரப்பது. மூன்றும் வயதான பூனைகளுக்கு வரக்கூடியவை. ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பொம்மிக்குச் சர்க்கரை இல்லை, தைராய்டும் சரி. சிறுநீரகம்தான்.

சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் சிறுநீரைக் கெட்டியாக்கும் சக்தி குறையும். அப்போது உடம்பிலிருந்து தண்ணீர் அதிகமாக வெளியேறும். அதை ஈடுகட்டத்தான் பூனை குடித்துக்கொண்டே இருக்கிறது. வலி இல்லை, கத்தவும் கத்தாது. வெளியே தெரியும் முதல் அடையாளம் பெரும்பாலும் இந்தத் தாகம்தான். அதுவும் வெயில், வயது, விளையாட்டு என்று எதிலாவது மறைந்துபோய்விடும்.

ஆயா மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வி, "தண்ணியக் கொறச்சிக் குடுக்கணுங்களா?" தெருவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு அளந்துதான் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தவர். மருத்துவர் உறுதியாக மறுத்தார். தாகம் அதிகமான பூனைக்குத் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. வெளியே போகும் நீருக்கு ஈடாக உள்ளே போகாவிட்டால் ஓரிரு நாளில் நிலைமை மோசமாகிவிடும்.

இந்த நோயைக் குணப்படுத்த முடியாது, கட்டுக்குள் வைக்கலாம். பாஸ்பரஸ் குறைவான உணவு, ஈரமான உணவு, தேவைப்படும்போது தோலுக்கடியில் சலைன். இப்படிப் பார்த்துக்கொண்டால் பல பூனைகள் நல்லபடியாக நாள்களைக் கழிக்கின்றன என்றார் மருத்துவர்.

வீட்டில் செய்தவை

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. ஃபியூஸ் கட்டையிலிருந்து பொம்மை, அகல்விளக்குவரை அங்கே செய்கிறார்கள். ஊருக்குப் போயிருந்தபோது அங்கிருந்து நான்கு பீங்கான் கிண்ணங்கள் வாங்கினேன். அகலமானவை, ஆழமில்லாதவை, மீசை இடிக்காதவை. பளபளப்புப் பூச்சு வழவழவென்று இருப்பதால் கழுவச் சுலபம். பிளாஸ்டிக் போலக் கீறல் விழுந்து அழுக்குச் சேராது. கனமாக இருப்பதால் பொம்மி காலை விட்டாலும் கவிழாது. ஒன்றைக் கவனியுங்கள்: சாப்பாட்டுக்கென்று செய்த கிண்ணமாகப் பார்த்து வாங்குங்கள். அலங்காரத்துக்குச் செய்தவற்றின் பூச்சு உணவுக்கு ஏற்றதாக இல்லாமல் இருக்கலாம்.

நான்கையும் நான்கு இடத்தில் வைத்தோம். எதுவும் சாப்பாட்டுத் தட்டுக்கும் மண் தொட்டிக்கும் பக்கத்தில் இல்லை. ஒன்று ஆயாவின் கட்டில் ஓரம். தினமும் கழுவி, விளிம்புவரை நிரப்புகிறார்கள். ஓடும் தண்ணீர்தான் பிடிக்கும் என்றால் பூனைகளுக்கான ஃபவுன்டன் கடைகளில் கிடைக்கிறது. ஆனால், அதன் ஃபில்டரையும் பம்ப்பையும் ஒழுங்காகக் கழுவ வேண்டும்.

பாக்கெட் ட்ரை ஃபுட்டில் ஈரம் 10 சதவிகிதம் அளவுக்குத்தான். ஈர உணவில் 75 சதவிகிதத்துக்கு மேல். நோயில்லாத பூனைக்கும் ட்ரை ஃபுட்டோடு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து கொடுக்கலாம். மீன் வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கிண்ணத்தில் கலக்கலாம். அதில் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இருக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். சிறுநீரக நோய் வந்த பூனைக்கு எதைக் கொடுப்பதானாலும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீட்டு மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு, குறிப்பாக ஆண் பூனைகளுக்கு. அடிக்கடி மண் தொட்டிக்குப் போய் முக்கும், கத்தும், அடிவயிற்றை நக்கும், சொட்டுக்கூட வராது. மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ராத்திரியாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மற்றபடி, பூனை வாளியில் குடித்தாலும் செம்பில் குடித்தாலும் அது அதனுடைய குணம். சிரித்துவிட்டுப் போகலாம். பினாயில் கலந்த வாளி, பாத்திரம் விளக்கும் சோப்புத் தண்ணீர் இரண்டையும் மட்டும் எட்டாமல் வையுங்கள். வழக்கம் மாறினால்தான் கவனிக்க வேண்டும். நேற்றுவரை ஒதுக்கிய கிண்ணத்தை இன்று காலி செய்கிறது, மண்ணில் ஈரம் அகலமாகிறது, எடை குறைகிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மூன்று நாள் அளந்து பாருங்கள். பூனை சோர்ந்து கிடந்தாலோ சாப்பிடாவிட்டாலோ அளந்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஆழாக்கோ, மில்லியோ, அந்தக் கணக்குச் சீட்டோடு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பொம்மிக்கு ஈர உணவு கொடுக்க ஆரம்பித்த பிறகு கிண்ணத்துக் கணக்கு ஒன்றரை ஆழாக்காகக் குறைந்திருக்கிறது. இழந்த எடையில் கொஞ்சம் திரும்ப வந்திருக்கிறது. ஆயாவின் கட்டில் ஓரத்தில் அவளுக்கென்றே பீங்கான் கிண்ணம் இருந்தும், தாத்தாவின் செம்பில்தான் இன்னும் கால் விடுகிறாள். மூடிவைத்தால் தட்டிவிடுகிறாள்.

தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆயா போனில் அன்றைய அளவைச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் என்னிடம் ஒரு கேள்வி வரும்.

"நீ இன்னிக்கு எத்தன ஆழாக்கு குடிச்ச?"