குறைஞ்ச மார்க் வாங்கின பசங்க

பக்கத்து வீட்டுப் பொண்ணு கொரிய பாப் குழு பிளாக்பிங்க் பாட்டைக் கேட்டுட்டிருந்தா.
"இவங்களுக்கெல்லாம் தாத்தா யாரு தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சேன்.
ஹெட்போனை மாட்டிக்கிட்டா.
சரி, உங்க தலையெழுத்து, நீங்க கேளுங்க.

சியோ தைஜி அண்ட் பாய்ஸ். 1992.
கொரிய டிவியில இவங்க பாட்டுக்கு நடுவருங்க போட்டது குறைஞ்ச மார்க்.
அதே பாட்டுக்குத்தான் அப்புறம் நாடே ஆடுச்சு.

1995ல ஒரு பாட்டுல வரிகளை மாத்தச் சொல்லுச்சு தணிக்கை.
குழுத் தலைவர் தைஜி மாத்தல.
வரியே இல்லாம வெறும் இசையா ஆல்பத்துல போட்டுட்டார். என்ன ஒரு திமிரு!
ரசிகர்கள் கொதிச்சாங்க. 1996ல அந்த முன்தணிக்கையே ஒழிஞ்சுது.

தைஜி கூட ஆடின யாங் ஹ்யுன்-சுக் ஆரம்பிச்ச கம்பெனிதான் ஒய்ஜி. பிளாக்பிங்க் அங்கேருந்து வந்தவங்கதான்.

1996 ஜனவரியில, உச்சத்துல இருக்கும்போதே தைஜி குழுவைக் கலைச்சுட்டாங்க. தைஜிக்கு அப்ப வயசு 23.
அந்த வயசுல நான் அரியர் எழுதிட்டிருந்தேன்.

அப்படி விட்டுட்டுப் போக எப்படிங்க மனசு வருது?