கேடயம் இல்லாத வீரன்

"கேடயத்துல இருக்கிறது எந்த வீட்டுச் சின்னம், தம்பி?"

ஃபைனல் ஃபேன்டஸி 14 விளையாட்டில் என்னோடு ரோல்ப்ளே செய்யும் அண்ணன் ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. டார்க் நைட் என்று நான் எழுதிய பாத்திரத்துக்குக் கறுப்புக் கவசம், பேசாத வாய், கொலையுண்ட குடும்பம், பரம்பரைக் கேடயம் எல்லாம் கொடுத்திருந்தேன். "டார்க் நைட் கேடயமே தூக்க மாட்டான். ஏன்னு தேடிப் பாரு" என்றார்.

தேடினேன். இந்த விளையாட்டில் டார்க் நைட் வந்தது 2015இல், ஹெவன்ஸ்வார்ட் விரிவாக்கத்தோடு. டார்க் நைட்களின் ஊர் இஷ்கார்ட்: டிராகன்களோடு ஆயிரம் ஆண்டுகளாகப் போரிடும் பனி நகரம். மதகுருமார் ஆட்சி; நான்கு பெருங்குடிகளின் செல்வாக்கு. அங்கே ஒருவன் கேடயத்தைப் பார்த்தாலே இன்ன வீட்டு ஆள் என்று தெரிந்துவிடும். எளியவர்களை வதைத்த மதகுரு ஒருவனை ஒரு வீரன் வெட்டினான். பட்டத்தையும் குலச்சின்னம் பொறித்த கேடயத்தையும் பறித்துக்கொண்டார்கள். அவன் வழியில் வந்தவர்கள் கேடயத்தைத் திரும்பக் கேட்கவில்லை. பெரிய வாள் ஒன்றே போதும் என்றார்கள். யாருக்கும் கட்டுப்படாதவன் என்பதற்குக் கேடயமில்லாத அந்தக் கையே சாட்சி.

சின்னமில்லாத கறுப்பு வீரன் பழைய ஆள்தான். 1819இல் வந்த வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ'விலும் அப்படி ஒருவன் போட்டிக் களத்துக்கு வருகிறான். மன்னன் ரிச்சர்டுதான் அவன். ஆனால் என்னை உலுக்கியது 1991இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 4. அதன் நாயகன் செசில், பேரன் (Baron) நாட்டு விமானப் படையின் தலைவன். அவனுடைய இருள்வாள் வீச்சுக்கு அவன் உயிர்ச்சக்தியே விலை. அரசன் ஆணைப்படி ஊர்களுக்குக் கேடு செய்த குற்ற உணர்வோடு மலையேறுகிறான். உச்சியில் அவனுடைய இருண்ட உருவமே எதிரே நிற்கிறது. வாள் வீசினால் வெல்ல முடியாது. அடிகளைத் தாங்கிக்கொண்டு, திருப்பி அடிக்காமல் நிற்க வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 14க்குத் திரும்பினேன். டார்க் நைட் கதைகளை எழுதியவர் நட்சுகோ இஷிகாவா. இறந்துகிடக்கும் ஒரு வீரனிடமிருந்து மணிக்கல்லை எடுக்கிறோம். ஃப்ரே என்ற அந்த வீரன் எழுந்து வந்து நமக்கு ஆசானாகிறான். ஊரார் ஏவும் வேலையெல்லாம் எதற்குச் செய்கிறாய், உனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று குமுறுகிறான். கடைசியில்தான் தெரிகிறது: ஃப்ரே எப்போதோ செத்துவிட்டான். பேசியது நாம் விழுங்கிவைத்த நம்முடைய கோபம். அந்த இடத்தில் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். செசில் தன் இருண்ட உருவத்தின் முன் அசையாமல் நின்றான். இங்கே அது வாய்திறந்து நம்மோடு மல்லுக்கு நிற்கிறது. இந்தக் கோபம் யாரோ ஒருவர் மீதுள்ள அன்பிலிருந்து கிளம்புவது. காப்பாற்ற ஆளில்லாதவனிடம் அந்த இருள் எப்படி வரும்? என் பாத்திரத்துக்குப் பகை இருந்தது, பழி இருந்தது. காக்க ஒருவருமில்லை.

எழுதியதை அழித்துவிட்டேன். இப்போது என் பாத்திரம் எலெசென் இனத்துப் பெண். இஷ்கார்டின் ஏழைப் பகுதியான பிரூமில், டிராகன் தாக்குதலில் இடிந்த சுவரோரம் குடியிருக்கிறாள். துணி வெளுப்பவளின் மகனுக்கு இரவுக் காவல் அவள்தான். நிறையப் பேசுவாள், பையன் தூங்கியபின் இன்னும் நிறைய. போன வாரம் முதன்முறையாக அவளை இறக்கினேன். அண்ணன் கோயில் வீரனாக வந்து வழிமறித்தார்.

"நீ யார் வீட்டவள்?"

பையனைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "இவன் வீட்டவள்" என்றாள்.