செடெனாக்கில் கேட்ட அசாமிய மொழி

ஜொகூர் மாநிலத்தின் செடெனாக்கில், செம்பனை மரங்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். இன்று அங்கே தரவு மையங்கள் எழும்புகின்றன. கட்டுமான வேலைக்குப் பல நாட்டவரும் வருகிறார்கள். சென்ற விடுமுறையில், உணவுக்கடையில் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த ஒருவரிடம், “அபாங், நீங்கள் பங்களாவா?” என்று மலாயில் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. “இல்லை தம்பி, அசாம். நான் பேசியது அசாமிய மொழி” என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் பேசும் தமிழை யாராவது இந்தி என்றால் எனக்கும் சுருக்கென்று தைக்குமே!

வளாகம் திரும்பியதும் தேடிப் படித்தேன். பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில் வாழும் மொழி அது. 2011 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 53 இலட்சம் பேரின் தாய்மொழி. எழுத்து வங்காளத்தை ஒத்தது. ‘ர’, ‘வ’ இரண்டின் வடிவமும் வேறு. சகரம் எழுதும் பல இடங்களில், நம் ‘அகம்’ என்னும் சொல்லின் ககரத்தைத் தொண்டையில் உரசியதுபோல் ஒலிக்கிறார்கள்.

அவர் முகம் வாடிய காரணமும் அப்போதுதான் புரிந்தது. 1836இல் ஆங்கிலேயர் அசாமின் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்காளத்தைப் புகுத்தினர். அசாமியம் வங்காளத்தின் கிளைமொழியே என்றும் வாதிட்டனர். 1873இல்தான் அம்மொழி தன் இடத்தைத் திரும்பப் பெற்றது.

அதை வளர்த்தவர்களுள் மாணவர்களும் உண்டு என்பதே என்னை அதிகம் ஈர்த்தது. 1888இல் கல்கத்தாவில் படித்த அசாமிய மாணவர்கள் ஒரு மொழிவளர்ச்சிச் சங்கம் அமைத்தனர். மறு ஆண்டே ‘ஜோனாகி’ இதழ் வெளிவந்தது. நிலவொளி என்று பொருள். இலட்சுமிநாத் பேஜ்பருவா போன்ற படைப்பாளிகளை வளர்த்த இதழ் அது. தமிழுக்கு 2004இல் கிடைத்த செம்மொழித் தகுதி, அசாமியத்துக்கு 2024இல் கிடைத்தது.

அன்று பிரியும்முன் அந்த அண்ணன் கேட்ட கேள்வி இன்னும் உறுத்துகிறது. “நான் மகளிடம் எங்கள் மொழியில்தான் பேசுவேன். நீ உன் தங்கைக்கு எந்த மொழியில் எழுதுவாய்?”

தமிழ்மொழிக் கழகத்தில் பொறுப்பு வகிக்கும் நான் வாயடைத்துப் போனேன். தங்கைக்கு நான் அனுப்புவதெல்லாம் மலாயும் ஆங்கிலமும்தான்.

அன்றிரவு தமிழ் எழுத்தில், “சாப்பிட்டாயா?” என்று அனுப்பினேன். நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது: “சாபிட்டேன் அண்ணா”. ஒரு ‘ப்’ குறைந்திருந்தது. அதை நான் திருத்தவில்லை. மறுநாளும் தமிழிலேயே எழுதினேன்.