மறதி வந்தவருக்குக் கையெழுத்துப் போடுவது யார்?

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்த பிறகு அந்தப் பக்கத்து நிலத்துக்கு வந்த மவுசு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே அரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், மறதி நோய் முற்றிவிட்டது, மகன் பெயரே நினைவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லத்துக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். வங்கியில் அவர் பணம் இருக்கிறது, ஆனால் எடுக்க அவர் கையெழுத்து வேண்டும். என்ன செய்வது?

"டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கினால் முடிந்தது" என்பார்கள். முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். 1872 ஒப்பந்தச் சட்டமும் இதையொட்டித்தான் பேசுகிறது. இடையிடையே தெளிவு வருகிறவர், அந்தத் தெளிவான நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம்.

சரி, முன்பே பவர் எழுதிக் கொடுத்திருந்தால்? பலருக்கும் தெரியாத விஷயம் இது. பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி பவரும் முடிந்துவிடும். மழை வரும்போது பறிக்கப்படும் குடை!

முன்பு ஒரு வழி இருந்தது. 1987 மனநலச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு மேலாளரை நியமிக்கும். 2018 மே மாதம் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அந்த வழி போயிற்று. புதிய சட்டத்தில் 'நியமனப் பிரதிநிதி' உண்டு. ஆனால் அவர் சிகிச்சைக்கு மட்டும்தான், சொத்துக்கு இல்லை.

அதனால் குடும்பங்கள் உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகின்றன. கோமாவில் இருப்பவர்களுக்குக் காப்பாளர் நியமிக்க 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், கோமாவில் கிடந்த கணவருக்காக ஒரு மனைவி வந்தார். தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். அப்பீலில் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வு மனைவியையே காப்பாளராக்கி, சொத்தை விற்கவும் அனுமதித்தது. அதில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் டெபாசிட் செய்யவும் சொன்னது. கவனியுங்கள், அந்த டெபாசிட் கணவருக்கான பாதுகாப்பு.

கோமாவில் இருப்பவருக்கு நினைவில்லை என்பதில் சந்தேகமில்லை. மறதி நோய் அப்படியல்ல. காலையில் தெளிவாகப் பேசுகிறவர் மாலையில் குழம்புவார். அவரை 'ஒன்றும் தெரியாதவர்' ஆக்கினால் லாபம் அடையும் உறவினரும் இருக்கலாம், தெரியாமலேயே கைநாட்டு வாங்குகிறவரும் இருக்கலாம். கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். கும்மிடிப்பூண்டிக்காரர்கள் பொன்னேரி ஆர்.டி.ஓ.விடம் போக வேண்டும். ஆனால் போய்க் கேட்க நினைவு இருக்க வேண்டுமே?

ஆகவே, செய்ய வேண்டியதை நல்ல நினைவு இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. உயில், நம்பிக்கையானவரோடு கூட்டுக் கணக்கு, சிகிச்சை பற்றிய முன்கூட்டிய உத்தரவு. இந்தப் பேச்சை எடுத்தால் அப்பா அம்மா வருத்தப்படுவார்கள்தான். அவர்கள் வருத்தப்பட்டுப் பதில் சொல்ல முடிகிற காலத்திலேயே கேட்டுவிட வேண்டும்.