தெள்ளுப்பூச்சியும் ஓரறை வீடும்

பிழைப்புக்காக மாநகரங்களில் குடியேறி வாழும் நம்மவர்களின் இல்லங்களில் இடம் குறைவு, உயிர்களுக்குக் குறைவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்தாறு பேர் உறங்குகிறோம். அவர்களோடு ஒரு பூனையும், வாசற்படியில் ஒரு நாயும் சேர்ந்துகொள்வதுண்டு. எலித்தொல்லை மிகுந்த மும்பை சால்களில் பூனை என்பது செல்லப்பிராணி மட்டுமன்று, சம்பளமில்லாத காவலாளியும்கூட. இத்தகைய வீடுகளில் மழைக்காலம் தொடங்கியதும் சத்தமின்றிப் பெருகும் ஒரு தொல்லையைக் குறித்தே இங்கு எழுதுகிறேன். அதுதான் தெள்ளுப்பூச்சி.

நெல்லைச் சீமையின் முதியோர் இதனைத் 'தெள்ளு' என்பர். வேதாகமம் வாசிப்போர்க்கும் இப்பெயர் புதிதன்று. தன்னைத் தேடிவந்த சவுலிடம் தாவீது தன்னை ஒரு தெள்ளுப்பூச்சிக்கு ஒப்பிட்டுப் பேசியதை 1 சாமுவேல் 24, 26 ஆகிய அதிகாரங்களில் காணலாம். ஓர் அரசன் படையோடு புறப்பட்டு வருவதற்குத் தகாத அற்பப் பொருள் என்பதே அவ்வுவமையின் கருத்து. அற்பமானதுதான். ஆயினும் ஓரறை வீட்டில் அதனைத் தேடிப் பிடிக்க முயன்றவர்களுக்கு, அப்படை போதாது என்றே தோன்றும்.

பலரும் தெள்ளையும் உண்ணியையும் ஒன்றாகவே எண்ணுகின்றனர். உண்ணிக்கு எட்டுக் கால்கள்; அது தோலில் ஒட்டிக்கொண்டு உப்பும், தாவாது. தெள்ளுக்கு ஆறு கால்கள், சிறகு இல்லை, இரு பக்கமும் அழுத்தப்பட்டதுபோல் தட்டையான, செம்பழுப்பு நிற உடல், நீளம் ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர். தொட்டால் தாவிவிடும். மூட்டைப்பூச்சி இரவில் உறங்குவோரின் திறந்த மேனியைக் கடிக்கும். தெள்ளோ பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கணுக்காலைச் சுற்றிக் கடிக்கும்.

2022 ஆம் ஆண்டு ஜூலை மாதம் எங்கள் மூன்று வயதுப் பேத்தியின் கணுக்கால்களில் சிவந்த தடிப்புகள் தோன்றின. இரவெல்லாம் சொறிந்து அழுதாள். இரண்டிடங்களில் புண்ணாகிச் சீழும் கட்டியது. கொசு என்றார் என் கணவர். மூட்டைப்பூச்சி என்றாள் மருமகள். எங்கள் வீட்டில் 'சீனி' என்றொரு பூனை உண்டு. அது ஓயாமல் வாலடியைக் கடித்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது எனக்கு வேறு ஐயம் எழுந்தது. நெருக்கமான பற்களுள்ள பேன்சீப்பால் அதன் முதுகை வாரி, உதிர்ந்த கருநிறத் துகள்களை நனைத்த வெள்ளைத்தாளில் தட்டினேன். சிறிது நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றிலும் செம்பழுப்பு வளையம் பரவியது. மண்ணாக இருந்தால் கரைந்து சேறாகும்; தெள்ளின் கழிவோ உலர்ந்த இரத்தம், ஆகையால் நீர் பட்டதும் சிவக்கிறது. பூச்சியே கண்ணில் படாவிட்டாலும் இச்சோதனை பொய்க்காது.

காரணம் தெரிந்ததும் வீட்டில் வழக்கு மூண்டது. "மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம், அதற்கும் தீனி கிடைக்கும், பிள்ளைக்கும் சுகம் கிடைக்கும்" என்றார் என் கணவர். சேதி எப்படியோ வீட்டு உரிமையாளரின் காதுக்கும் எட்டிவிட்டது. ஒரு வாரத்தில் பூனை வெளியேற வேண்டும், இல்லையேல் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லியனுப்பினார். மூத்த பேரன் அழுதுகொண்டே பள்ளிக்குப் போனான். "அத்தை, ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்வோம்" என்றாள் மருமகள். மும்பையில் பரேல் பகுதியில் விலங்குகளுக்கென்றே நூறாண்டு கடந்த மருத்துவமனை இருப்பதையும், பல பகுதிகளில் கால்நடை மருத்துவர்கள் இருப்பதையும் நம்மவர்களில் பலர் அறியார். பிளாஸ்டிக் கூடையில் சீனியை வைத்து மூடி, எங்கள் பகுதி மருத்துவரிடம் சென்றோம்.

அம்மருத்துவர் முதலில் சொன்னது எங்களை வியப்பில் ஆழ்த்தியது. "பூனையை இன்று வெளியேற்றினால் குழந்தைக்குக் கடி அதிகமாகும்" என்றார். அதற்கு அவர் கூறிய காரணம் எளியது. பூனையின் மேல் நாம் காணும் பூச்சிகள் முழுக் கூட்டத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே. மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் இருக்கின்றன. பூனை போய்விட்டால், அவை வளர்ந்து வெளிவரும் வேளையில் அந்த அறையில் இரத்தமுள்ள உடல்கள் நாம் மட்டுமே. தரையில் தவழ்ந்து விளையாடும் குழந்தையே முதலில் அகப்படுவாள். மருந்திட்ட பூனை வீட்டில் இருந்தாலோ, புதிதாகப் பிறக்கும் தெள்ளுகள் அதன்மேல் ஏறி மடியும். துரத்தப்படவிருந்த பூனையே எங்கள் பொறியாயிற்று.

இதை நன்கு விளங்கிக்கொள்ள அப்பூச்சியின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். பெண் தெள்ளு இரத்தம் குடித்த ஓரிரு நாட்களில் முட்டையிடத் தொடங்கும். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முட்டைகள்கூட இடும். அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள அம்முட்டைகள் வழுவழுப்பானவை; ரோமத்தில் தங்காமல், பூனை படுக்கும் இடமெல்லாம் உதிரும். சில நாட்களில் புழுக்கள் வெளிவரும். அவை வெளிச்சத்துக்கு அஞ்சி, தரையோட்டின் இடுக்கிலும் கட்டிலடியிலும் பாயின் மடிப்பிலும் புகுந்து, மேலிருந்து உதிரும் அந்த உலர்ந்த இரத்தத் துகளையே தின்று வளரும். பின்பு பட்டுப்போன்ற கூடு கட்டும். ஒட்டும் தன்மையுள்ள அக்கூட்டின்மேல் தூசி படிந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. பூச்சிமருந்தும் அதனுள் எளிதில் புகாது. காற்றில் ஈரமும் வெப்பமும் இருந்தால் மூன்று நான்கு வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். மும்பையின் மழைக்காலம் இரண்டையும் தாராளமாகத் தருகிறது.

கூட்டினுள் இருக்கும் பூச்சி, உணவுக்கு வழியில்லாதபோது பல மாதங்கள் காத்திருக்கவும் வல்லது. தரையின் அதிர்வு, உடலின் வெப்பம், நாம் விடும் மூச்சு ஆகியவற்றை உணர்ந்ததும் வெளிவரும். மே மாதத்தில் அறையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் நம் குடும்பங்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் கால்களில் கூட்டமாகத் தாவுவது, ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த பூச்சியன்று. நம் காலடிச் சத்தத்துக்காக அங்கேயே காத்திருந்தது. எனவே ஊருக்குப் புறப்படுமுன் நன்றாகப் பெருக்கித் துடைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் குழந்தையைத் தரையில் இறக்குமுன் மீண்டும் அவ்வாறே செய்யுங்கள்.

மருத்துவர் சீனியை எடைபோட்டு, பூனைகளுக்கென்றே உள்ள பிப்ரோனில் சொட்டுமருந்தைத் தந்தார். நாக்கு எட்டாத பிடரியில், ரோமத்தை விலக்கி, தோலின்மேல் படும்படி இட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளிப்பாட்டக் கூடாது. மாதம் ஒருமுறையாகத் தொடர்ந்து மூன்று மாதங்கள் இட வேண்டும் என்றார். எட்டு வாரம் நிறையாத குட்டியாக இருந்தால் அம்மருந்து ஆகாது. சீப்பால் வாரி, அகப்பட்டவற்றைச் சோப்புநீரில் அமிழ்த்துவதே வழி என்றும் சொன்னார். பேத்தியின் கால்புண்ணைக் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டும்படியும் கூறினார்; அவ்வாறே செய்தோம். உரிமையாளருக்குக் காட்டுவதற்காக இவையனைத்தையும் இந்தியில் எழுதி வாங்கிக்கொண்டோம். அதனைப் படித்த அவர் ஒரு மாதம் தவணை தந்தார்.

வீட்டு வேலை அன்றே தொடங்கிற்று. பாய், போர்வை, தலையணை உறை, சீனி படுக்கும் சாக்கு ஆகிய யாவும் கொதிநீரில் ஊறின. மழையில் வெயில் ஏது? துவைத்தவற்றை மின்விசிறியில் உலர்த்தி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தோம். கட்டிலையும் தகரப்பெட்டியையும் நகர்த்தி, நாள்தோறும் பெருக்கினோம். பெருக்கிய தூசியை மூலையில் குவித்து வைக்கவில்லை. உடனே பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே சேர்த்தோம். தரையோட்டு இடுக்குகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, சோப்புநீரால் துடைத்தோம். மோரியின் ஓரமும் பரணும்கூடத் தப்பவில்லை.

இரவில், குழந்தைக்கு எட்டாத மூலையில், அகலமான தட்டில் சோப்புநீர் வைத்து அதன்மேல் ஒரு சிறு விளக்கை எரியவிட்டோம். வெப்பத்தையும் ஒளியையும் நாடித் தாவும் தெள்ளு அந்நீரில் விழும். சோப்பு கலந்திருப்பதால் மிதந்து தப்பாது. இது தொல்லையை ஒழிக்கும் வழியன்று, அளந்தறியும் வழி. பேரன் ஒவ்வொரு காலையும் எண்ணி, பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தான். முதல் நாள் 7, நான்காம் நாள் 4. எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஒன்பதாம் நாள் 19.

அன்று காலை என் கணவர் ஒன்றும் பேசவில்லை. மீன் மார்க்கெட்டுக்குப் போகும் கூடையை எடுத்து வாசலில் வைத்தார். "தாத்தா, டாக்டர் சொன்னது இதுதானே?" என்று பேரன் நோட்டை நீட்டினான். இரண்டாம் வாரத்தில் கூட்டுப்புழுக்கள் ஒன்றாக வெளிவரும், அப்போது மருந்து பலிக்கவில்லை என்று எண்ணிக் கைவிடாதீர்கள் என மருத்துவர் சொன்னதை அவன் முன்பே எழுதி வைத்திருந்தான். கூடை மீண்டும் பரணுக்குப் போயிற்று. பதினாறாம் நாள் 3. இருபத்து நான்காம் நாள் தட்டில் ஒன்றுமில்லை. ஆயினும் மூன்று மாத மருந்தையும் முழுமையாக இட்டோம். பலர் வீட்டில் இத்தொல்லை திரும்பி வருவது, பாதியில் நிறுத்துவதாலேயே.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு மராட்டியச் சகோதரி, தம் நாய்க்கு வாங்கிய மருந்தில் மீதியை அன்போடு கொண்டுவந்து தந்தார். அதன்மேல் 'பெர்மெத்ரின்' என்று அச்சிட்டிருந்தது. நாய்க்குத் தகுந்த இம்மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. நடுக்கமும் வலிப்பும் கண்டு இறக்கவும் நேரும். நன்றி சொல்லித் திருப்பித் தந்தேன். மண்ணெண்ணெய், பினாயில், பாச்சை உருண்டை ஆகியவற்றையும் பிராணியின் உடலில் பூசவோ படுக்கையில் வைக்கவோ வேண்டாம். பூனை தன் உடலை நக்கும். பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். பூண்டு இயற்கை மருந்துதானே என்று ஊட்டுவதும் தீது. அது பூனை, நாய் இரண்டின் இரத்தத்தையும் கெடுக்கும். பூச்சி ஒழிப்போரை அழைப்பதானால், வீட்டில் குழந்தையும் பிராணியும் உண்டு என்பதை முதலில் சொல்லுங்கள்.

சொறிதானே, இதற்கு இத்தனை பாடா என்று சிலர் கேட்கலாம். பிராணியின் தெள்ளைக் குழந்தை தவறி விழுங்கினால் நாடாப்புழு தொற்றலாம். மலத்தில் அரிசிபோன்ற துணுக்குகள் கண்டால் மருத்துவரை அணுகுங்கள். சிறு குட்டிகள் இரத்தம் இழந்து சோகை கண்டு இறப்பதும் உண்டு. எலியின் தெள்ளோ இன்னும் பெரிய வரலாறு உடையது. 1896 இல் மும்பையின் மாண்ட்வி பகுதியில் கொள்ளைநோய் வெடித்தது. எலியிடமிருந்து மனிதனுக்கு அந்நோயைக் கொண்டுசேர்ப்பது தெள்ளே என்பதை, 1898 இல் கராச்சியில் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் காட்டினார். அந்நோயின் விளைவாக அதே ஆண்டில் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெருக்கடிமிக்க தெருக்களை அகற்றி, வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு எழுப்பிற்று. பின்னாளில் தமிழர் பலர் குடியேறிய மாட்டுங்காவின் அகன்ற வீதிகளுக்குப் பின்னே ஒரு சிறு பூச்சியின் கதையும் இருக்கிறது. பூனையின் தெள்ளு அந்த எலித்தெள்ளினின்று வேறானது. அஞ்ச வேண்டியதில்லை, அசட்டையாயிருக்கவும் வேண்டியதில்லை.

சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒரு வீடு மட்டும் தூய்மையானால் போதாது. மாடிப்படியின் கீழே படுக்கும் தெருப்பூனை, நடைபாதையில் குவித்த பழஞ்சாக்கு ஆகியவற்றிலிருந்து தெள்ளு மீண்டும் வரும். ஆகையால் அண்டை வீட்டாரிடம் கூச்சமின்றிப் பேசுங்கள். தெள்ளு இருப்பது அழுக்கான குடும்பத்தின் அடையாளம் அன்று. பிராணி நடமாடும் எவ்வீட்டிலும் வரக்கூடியது. மறைப்பதால் அது பெருகும். ஒரே வாரத்தில் வரிசையிலுள்ள அனைவரும் சேர்ந்து சுத்தம் செய்து, தம் பிராணிகளுக்கு மருந்தும் இட்டால், செலவும் குறையும், உழைப்பும் குறையும். ஒரு பேன்சீப்பு, ஒரு வெள்ளைத்தாள், சிறிது நீர் இவ்வளவே தேவை. இன்று மாலையே உங்கள் வீட்டுப் பூனையையோ நாயையோ சோதித்துப் பாருங்கள்.